ஏழாவது பெயர்

சலவை இயந்திரத்துக்குள் போர்வையும் அவருடைய முழுக்கைச் சட்டையும் பின்னிக்கொண்டு கிடந்தன. டீச்சர் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுத் தையல்காரி பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. காலில் செருப்பு இல்லை.

"டீச்சர், சாருக்கு என்னாச்சு?" என்றாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்துநான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள். விடை தெரிந்துகொண்டே கேட்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தையல்காரியின் பார்வை சமையலறை அலமாரி மேலிருந்த ரேடியோவுக்குப் போனது. ரேடியோ அணைந்திருந்தது.

"கேட்டுட்டு நீங்களே அணைச்சிட்டீங்களா," என்று அதற்கும் அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, டீச்சரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஈரச் சட்டை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கித் தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

டீச்சருக்கு எதுவும் புரியவில்லை. ரேடியோவை அவள் அன்றைக்குப் போடவே இல்லை. மணி எட்டே முக்கால். கூடத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது; கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. எடுத்தபோது வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் குரல், மேடம், மேடம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நின்றது. அவளும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. நீங்கள்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்களே என்றுதான் சொன்னாள்.

டீச்சர், "ம்" என்றாள். அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒன்பது வருடப் பழக்கம், நாக்கு தானாகவே செய்துவிட்டது. நடந்தது என்ன என்பதையே அதற்குப் பிறகுதான் மற்றவர்களுடைய அழுகையிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துத் தெரிந்துகொண்டாள். ஒலிபரப்பின் நடுவில், பேசிக்கொண்டிருந்தபோதே, மைக் முன்னால் அப்படியே சாய்ந்திருக்கிறார். பதினோரு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு பெயிண்ட் விளம்பரம். ஆஸ்பத்திரியில் செய்ததெல்லாம் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தது மட்டும்தான்.

ஊரே கேட்டுக்கொண்டிருக்க அவர் செத்துப்போயிருக்கிறார். கேட்காதது அவர் பெண்டாட்டி ஒருத்திதான்.

ஊர் அவரை 'எட்டரை' என்றுதான் சொல்லும். பதினான்கு வருடமாக, ஞாயிறு தவிர தினமும் காலை எட்டரைக்கு மாநில அரசியலைப் பிரித்து மேய்ந்த மனிதர். ஏழரை பிடித்தால் ஏழரை வருடத்தில் விட்டுவிடும், இந்த எட்டரை விடாது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்வார்கள். அதைக் கேட்டு முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருக்கும். ரேடியோவுக்கு வருவதற்கு முன்னால் இருபது வருடம் கட்சிகளுக்கு ஆலோசகர். எந்தத் தொகுதியில் யாரை நிறுத்தலாம், எந்தத் தெருவில் எதைப் பேசக்கூடாது, கூட்டத்தில் தலைவர் எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றவேண்டும் என்பதுவரை எழுதிக் கொடுப்பார். இந்தப் பக்கம் இரண்டு தேர்தல், அந்தப் பக்கம் மூன்று தேர்தல். தோற்றவர்கள் திட்டினார்கள், ஜெயித்தவர்கள் மறந்துபோனார்கள். இப்போதைய தலைவர் ஒருவர்தான் மறக்கவில்லை என்று சொல்லவேண்டும். ரேடியோவுக்குப் போன பிறகும் தேர்தல் வந்தால் ஆள் அனுப்பிவிடுவார்.

அதற்கெல்லாம் முந்தி, கல்யாணமான புதிதில், அட்டையும் பென்சிலுமாக வீடு வீடாகப் போய் யாருக்கு ஓட்டு என்று கேட்டு எழுதுகிற வேலை. அப்போது அவர் கண்டுபிடித்த ஒரு வித்தையைத்தான் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தொகுதியில் ஆறு பேர் போட்டியிட்டால் அவர் தாளில் ஏழு பெயர் இருக்கும். ஏழாவது ஆள் பிறக்கவே இல்லை. இவரைத் தெரியுமா, எப்படிப்பட்டவர் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டே வந்து ஏழாவதையும் கேட்பார். தெரியுமே, நல்ல மனுஷர்தான் என்று யாராவது சொன்னால், தாளின் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். அந்த வீட்டில் சொன்ன மற்ற பதில்களையும் நம்பக்கூடாது என்று அர்த்தம்.

பொய் சொல்கிறவர்களின் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவீர்களா என்று டீச்சர் அப்போது கேட்டிருக்கிறாள்.

"அவங்க பொய் சொல்றவங்க இல்ல," என்றார் அவர். "வாசல்ல வந்து நிக்கிறவன் மனசு நோகக் கூடாதுன்னு நினைக்கிறவங்க. தாளைத் தனியா எடுத்து வெச்சிடுவேன், அவ்வளவுதான்."

பதினோரு மணிக்குள் கூடத்துச் சோபாக்கள் வெளியே போய்விட்டன. அவரைக் கொண்டுவந்து நடுவில் படுக்க வைத்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரி ஆளின் அவசரம். கழுத்துவரை வெள்ளைத் துணி. துணி நீளம் போதாமல் கால் இரண்டும் வெளியே தெரிந்தன. காலையில் போட்டுக்கொண்டு போன கண்ணாடியும் ஷூவும் சாம்பல் நிற சாக்ஸும் ஒரு காகிதப் பையில் சுவரோரம் இருந்தன. டீச்சர் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மனிதர் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவள் கேட்ட கடைசிப் பேச்சு. வெண்ணெயைப் பற்றி.

வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். நீங்களும் கேட்டீர்கள்தானே? எப்படித் தாங்கினீர்கள்? பேச்சின் நடுவில் அவர் அடிக்கடி 'அம்மா' என்று கூப்பிடுவாராம், அது டீச்சரைத்தானாம். ஊருக்கே அது தெரிந்திருந்தது. ஆயிரம் பேருக்குப் பேசக்கூடாது, சமையலறையில் நிற்கிற ஒருத்திக்குப் பேசவேண்டும், நான் என் வீட்டுக்காரிக்குத்தான் பேசுகிறேன் என்று அவர் தன்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். டீச்சர் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள். மதியம் வந்து இறங்கிய மகள், மடியில் விழுந்து, "நீ தனியா கேட்டுட்டு இருந்தியாம்மா?" என்று தேம்பியபோதும் ஆட்டினாள். பெற்ற பெண்ணிடமே ஆட்டிய பிறகு நிறுத்துவதற்கு வழியில்லாமல் போய்விட்டது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக அவர் என்ன சொன்னார்? அதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கூடத்துப் பேச்சைக் கவனித்தாள். மருந்துக்கடைக்காரர், 'அம்மா' என்றுதான் முடித்தார் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவளிடம் படித்த பையன் ஒருவன், இப்போது பஸ் நடத்துனர், இல்லை சார், 'கட்டணம்', பஸ் கட்டணத்தைப் பற்றித்தான் பேச்சு என்றான். இன்னொருவர் நன்றி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்றார். ஒருவரும் மற்றவரை மறுக்கவில்லை. சாவு வீட்டில் யார் சண்டை போடுவது?

கொழுந்தன், அவருடைய தம்பி, காலையிலிருந்து காதில் போனை வைத்தபடியே வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தான். வண்டி, நேரம், பூ, பத்திரிகை எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு மணிக்கு, தலைவரின் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு டீச்சர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உதவியாளர் இஸ்திரி கலையாத சட்டைக்காரர். தலைவர் மூன்று மணிக்கு நேரில் வருகிறார், மைக் முன்னால் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார்.

"அண்ணி, கடைசியா 'மக்கள்'னு சொல்லிட்டுத்தான் அண்ணன் சாஞ்சாருன்னு இவர் சொல்றாரு. பேப்பர்லயும் அப்படியே போடணுமாம். நீங்க கேட்டீங்கல்ல? சரிதானே?"

உதவியாளர் எழுதத் தயாராக இருந்தார். டீச்சர் அவருடைய பேனா முனையைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது கொழுந்தன் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

கேட்பதை அவள் நிறுத்தியது ஒன்பது வருடத்துக்கு முன்னால். அந்த மழைக்காலத்தில் அவளுடைய அக்கா இறந்துபோனாள். அக்கா வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் பாதி உடைந்து இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அக்கா அந்தக் கரையில் டீச்சர் மடியில் கிடந்தாள். காலு சில்லுன்னு இருக்குடி, சாக்ஸ் போட்டு விடு என்றாள். கையில் சாக்ஸ் இல்லை. டீச்சர் இரண்டு உள்ளங்கையாலும் அந்தப் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி சுற்றுவழியில் வந்து சேர்வதற்குள் தேய்ப்பதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

இதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். மூன்றாம் நாள், சமையலறை மேஜையில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. அவரும் அழுதார். இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது. மைதானக் கூட்டத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு தாய் உடைந்த பாலத்தருகே சாக்ஸ் கேட்ட கதையைச் சொன்னார். மைதானமே அழுதது. அந்த மாவட்டத்தில் ஒரு தொகுதி பாக்கியில்லை. முடிவு வந்த மறுநாள் எட்டரை மணிக்கு, டீச்சர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய குரல் ரேடியோவில் குஷியாகச் சொன்னது: இந்தத் தேர்தலைத் திருப்பியது ஒரு ஜோடி சாக்ஸ்.

டீச்சர் ரேடியோவை அணைத்தாள். மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். சண்டை போட்டிருக்கலாம். தட்டை விட்டெறிந்திருக்கலாம். அவர் வீடு வந்து, தினமும் கேட்பது போல, எப்படி இருந்தது என்று கேட்டார். நல்லா இருந்துச்சு என்றாள். அந்தக் குரலிலேயே புரிந்திருக்கவேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாளும் அவள் ரேடியோவைப் போடவில்லை. மறுநாளும் நல்லா இருந்துச்சு. அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ரேடியோவைத் தூசி தட்டி வைப்பாள். ஒன்பது மணிக்குப் போட்டுவிடுவாள், அவர் வரும்போது ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அவர் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு அதைப் பற்றிச் சொன்னேனே, சரியா வந்ததா? இதைக் கொஞ்சம் இழுத்துவிட்டேனோ? டீச்சர் சட்னியோ சாம்பாரோ என்று பார்க்காமல் பரிமாறுகிறவள் மாதிரி, சரியாத்தான் வந்துச்சு, அளவாத்தான் இருந்துச்சு என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிடுவாள்.

இரண்டு மணிக்கு வானொலி நிலையத்துப் பெண் வந்தாள். நிகழ்ச்சியைத் தயாரிப்பவள், முப்பது வயது இருக்கும். காலையில் போனில் பேச முடியாமல் நின்றவள் இவள்தான். அவர் சாய்ந்தபோது ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். பெயிண்ட் விளம்பரத்தைப் போட்ட கை இந்தக் கைதான் மேடம் என்று சொல்லி அதை நீட்டிக் காட்டினாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காலையிலிருந்து அவள் இன்னொருவருக்குச் செய்த முதல் காரியம் அது.

பெண் ஒரு துணிப்பையை மேஜையில் வைத்தாள். ஒன்பது டைரிகள். சாருடைய இழுப்பறையில் பூட்டி இருந்தவை, வேறு எதையும் அவர் அங்கே வைக்கமாட்டார், வீட்டில் சேர்க்கவேண்டியது என்று கொண்டுவந்தேன் என்றாள். தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஆறுதலாகப் பேசவேண்டுமே என்று டீச்சருக்குத் தோன்றியது. சாருடைய நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினால் அவளுக்குத் தெம்பாக இருக்கும். நேற்று மதியம் சாப்பாட்டில் அவர் கேட்டது ஞாபகம் வந்தது.

"நேத்து தபால் ஆபீஸ் பத்திப் பேசினாரே, நல்லா இருந்துச்சு. யாராவது போன் பண்ணாங்களா?"

பெண் நிமிர்ந்தாள். "தபால் ஆபீஸா மேடம்? நேத்து முழுக்கத் தண்ணி வரிதான்."

"தண்ணி வரிக்கு நடுவுல..."

"இல்லயே மேடம். சார் தபால் ஆபீஸ் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல. நான் ஆறு வருஷமா கூட இருக்கேன்."

டீச்சர் விடவில்லை. போன வாரம் குடை ரிப்பேர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னாரே என்றாள். பெண் மெதுவாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைப் பற்றி? அதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் வந்தது. அதிர்ச்சியில் மேடத்துக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பாள்.

புத்தி தடுமாறவில்லை. ரொம்பத் தெளிவாக வேலை செய்தது. அதுதான் கொடுமை. டீச்சர் கடைசி டைரியை இழுத்து நேற்றைய பக்கத்தைப் பிரித்தாள். மேலே அவருடைய பொடி எழுத்தில் தண்ணீர் வரி, நகராட்சி, நாலைந்து எண்கள். அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே: 'வீடு: தபால் ஆபீஸ்.' பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு வட்டம்.

முந்தின நாள். 'வீடு: பூங்கா வேலி.' வட்டம். அதற்கு முந்தின நாள். வட்டம். பக்கத்தைக் கொத்தாகப் புரட்டினாலும் ஒவ்வொரு மூலையிலும் அது ஓடியது. அடுத்த டைரி, அதற்கடுத்த டைரி. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் வெறுமையாக இருந்தன. ஒன்பது வருடம் ஒரே வாசலில் போய் நின்று, பிறக்காத ஆளின் பெயரைத் தினமும் ஒன்றாகச் சொல்லி, தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அவள் தினமும், தெரியுமே, நல்ல மனுஷர்தான் என்றிருக்கிறாள்.

அவளுக்குக் கன்னம் சுட்டது. முதலில் வந்தது கோபம்தான். பாவி, தெரிந்துகொண்டேவா சாப்பிட்டாய்? ஒரு வார்த்தை, ஏன் கேட்பதில்லை என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவனுக்கு வீட்டில் அந்த ஒன்று வரவில்லையா? அப்புறம், அவளுக்கு மட்டும் வந்ததா என்ற நினைப்பு வந்து கோபத்தை உட்கார வைத்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கூத்தை நடத்தியிருக்கிறார்கள்.

கணக்கு டீச்சருக்கு ஒரு வரிசையைப் பார்த்தால் அது எங்கே உடைகிறது என்று தேடுகிற கை. அக்கா இறந்த தேதியை எடுத்துப் பார்த்தாள். 'வீடு: இன்று வேண்டாம்.' வட்டம் இல்லை. முந்தின வருடத்தில் அதே தேதி. 'இன்று வேண்டாம்.' எட்டு வருடமும் அப்படித்தான். ஒரு வருடம் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. நிகழ்ச்சியே கிடையாது, எழுதவேண்டிய அவசியமும் கிடையாது. சுற்றிலும் வெறும் ஞாயிறுகளாக இருக்க, அந்த ஒரு ஞாயிறில் மட்டும் கோடு போட்டு எழுதியிருந்தார்: 'வீடு: இன்று வேண்டாம்.'

டீச்சர் டைரியை மூடினாள். கை மட்டும் அதன்மேலேயே இருந்தது.

காலையில் ஓடியது உன்னிடம் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். வெளியே விடக்கூடாது என்று நிலையத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்களாம். ஆனாலும் அவள் தன் போனில் ஏற்றி வைத்திருந்தாள். மேடம், இன்னொரு தடவை கேட்கவேண்டுமா, வேண்டாமே என்று கெஞ்சினாள்.

"இன்னொரு தடவை இல்ல," என்றாள் டீச்சர். "நான் கேக்கவே இல்லம்மா. நீ போடு."

பெண் எதுவும் கேட்காமல் இயர்போனைக் கொடுத்தாள். டீச்சர் அதை மாட்டிக்கொண்டு அடுப்பு மேடைப் பக்கம் போய் நின்றாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த ரேடியோக் குரல். வீட்டுக் குரலைவிடக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் நிதானமாக. வயதாகியிருந்தது. வீட்டில் தினமும் பார்த்த ஆளின் குரலுக்கு வயதானதை இப்போதுதான் கவனித்தாள்.

"கட்டணம் ஏறினா கட்சிக்காரங்க மேடையில கத்துவாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க அம்மா? ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பீங்க. அந்த நடையை எந்தக் கட்சியும் கணக்குல எடுக்கிறதில்ல. அதை எப்படிப் பாக்கணும்னா... ஒரு நிமிஷம்."

அவ்வளவுதான். அப்புறம் நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது. காகிதம் சரிகிற சத்தம். ஒன்றும் இல்லாத ஒரு வெளி, அதில் எங்கேயோ மின்விசிறி. டீச்சர் மேடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெயிண்ட் விளம்பரத்தில் குழந்தைகள் பாட ஆரம்பித்தன.

கல்யாணமான முதல் பத்து வருடம் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்திருக்கிறாள். இதையும் எடுத்துக் காற்றில் விட்டுவிட்டார். ஆனால் இந்தத் தடவை கோபம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்கும்போது, ஒரு நிமிஷம் என்றதும் அவளுக்கு உதடு தானாக அசைந்தது. வீட்டில் செருப்பைத் தேடும்போது, சட்டைப்பையில் சாவியைத் தேடும்போது, அவர் சொல்கிற அதே ஒரு நிமிஷம். இருங்க, மெதுவா வாங்க என்று அவள் சொல்வாள்.

வாசலில் கார்க் கதவுகள் வரிசையாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மகள் வந்து, தலைவர் வந்துவிட்டார் என்று கூப்பிட்டாள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. தலைவர் மலர்வளையத்தை வைத்துவிட்டு, கைகட்டி நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எந்த இடத்தில் கழற்றவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் கீழே படுத்திருந்தார். நான்கைந்து மைக்குகள் முன்னால் நீண்டன. உதவியாளர் தாளை நீட்டினார். தலைவர் தாளைப் பார்க்காமலே டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நிஜமான வருத்தம்தான்; கண் கலங்கியிருந்தது.

"கடைசி மூச்சுலகூட 'மக்கள்'னு சொல்லிட்டுப் போனாரும்மா. நீங்க உங்க காதால கேட்டிருக்கீங்க. எனக்கு அது போதும்."

கொழுந்தன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். மைக்குகள் டீச்சர் பக்கம் திரும்பின. ஓர் ஆமா போதும். ஒன்பது வருடமாக இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை சொன்னதுதான். சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி, இவர் மனசும் நோகாது.

"இல்ல," என்றாள். "நான் கேக்கல."

தலைவர் கைகளை விடவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அண்ணி," என்றான் கொழுந்தன், மெதுவாக.

"மத்தியானம் இவங்ககிட்ட ஆமான்னு சொன்னது பொய். காலையில ரேடியோவே போடல. ஒன்பது வருஷமா போடல. அவருக்கும் அது தெரியும்." மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மகளைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். "அவர் 'ஒரு நிமிஷம்'னுதான் சொன்னாரு. இப்பதான் கேட்டேன். வேற ஒன்னும் சொல்லல."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உதவியாளர் தாளை மடித்துப் பையில் வைத்தார். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கைகளை எடுத்துக்கொண்டார். இந்த மாதிரி இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று இத்தனை வருடம் அவருக்கு எழுதிக் கொடுத்தவர் வேறு ஆள்.

டீச்சர் சுவரோரம் போய்க் காகிதப் பையைத் திறந்தாள். சாம்பல் நிற சாக்ஸ் இரண்டையும் எடுத்து உதறினாள். கால்மாட்டில் வந்து தரையில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாதம் சில்லென்றிருந்தது. விரல்களை உள்ளே விட்டு, துணியைச் சுருக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். கால் விறைத்திருந்ததால் குதிகாலில் மாட்டிக்கொண்டது. மகள் வந்து எதிரில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதுவும் ஞாபகம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

கொழுந்தன் குனிந்து, வண்டி வந்துவிட்டது அண்ணி, நேரமாகிறது என்றான்.

டீச்சர் குதிகாலைச் சரியாக உட்கார வைத்தாள். மேலே இழுத்து, விளிம்பை நேராக்கி, இரண்டாவது சாக்ஸைக் கையில் எடுத்தாள்.